பதினேழாம் நம்பர் ரத்தம்

“இந்த ஆளு இன்னும் வளர்ந்துகினு கீறாரு,” என்றாள் தஹ்சீன்.

“சான்ஸே இல்லம்மா. அடக்கம் பண்ணி பதினோரு நாளாவுது,” என்றான் பகலவன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பகலவனுக்கு அந்த வியாதி உண்டு. வயிறு எரியும்போதெல்லாம் வாய் தானாக ஜோக்கடிக்கும். பதினைந்து வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியதில் ஒட்டிக்கொண்டது, துப்பறியும் வேலைக்கு வந்த பிறகும் விட்டபாடில்லை. பக்கத்து ஸ்டூலில் இருந்த கார்குழலி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷம் போலீஸில் ஏட்டாக இருந்துவிட்டு, ஒருநாள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவள் அவள். இப்போது துப்பறியும் நிலையத்துக்கு முதலாளி. சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் பகலவன்.

“விளங்கச் சொல்லு தஹ்சீன்,” என்றாள் கார்குழலி.

ராயபுரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிற தஹ்சீன், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த ரத்த ரிப்போர்ட் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரெண்டும் எகிறிக் கீது. அதுங்க லிவர்ல கீற என்ஸைமு. ரத்தத்துல ஏறிச்சுன்னா லிவர் அடி வாங்கிக் கீதுன்னு அர்த்தம். அத்தப் பாத்துட்டுத்தான் குடிகாரன்னு எழுதிட்டாங்கோ. சரி, ஒத்துக்கறேன். ஆனா கீழ பாருக்கா, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். எலும்பு வளர்ற வயசுல இது தன்னால ஏறும். இஸ்கூல் புள்ளைங்க ரிப்போர்ட்டுல தெனிக்கும் பாக்கறேன். லிவர் நோவுலயும் ஏறும், இல்லேன்னு சொல்லல. ஆனா இருவத்தெட்டு வயசு ஆம்பளைக்கு இந்த மூணும் இந்த மாதிரி வந்தா நான் மறுக்கா ரத்தம் எடுப்பேன். இன்னொண்ணு.” விரல் சீட்டின் அடிக்கு நகர்ந்தது. “ரன் பதினேழுன்னு போட்டுக் கீது. மெஷின்ல அன்னிக்கு ஓட்டின பதினேழாவது ரத்தம் இது.”

கார்குழலி சீட்டை வாங்கி மடித்தாள்.

“பகலா, அந்தப் பையன் வேலை பார்த்த பண்ணையில மொத்தம் எத்தனை பேர் வேலை செய்றாங்க?”

“ஒம்போது பேருக்கா.”

“ஒன்பது பேருக்கு மெடிக்கல் செக்கப். அப்போ பதினேழாவது ரத்தம் யாருது?”

“ஒருத்தரே ரெண்டு தபா கைய நீட்டிக் கீலாம். ஓசின்னா நம்ம ஆளுங்க வுடுவாங்களா?”

அவள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால். நாலு மணிக்கு விசாரணை அதிகாரி ஃபைலை மூடிவிடுவார்.

அந்த ஃபைலில் செத்துக் கிடப்பவன் பெயர் அறிவு. வியாசர்பாடி. மணலிக்கு அந்தப் பக்கம் ‘கடல்மணி ஃபீட்ஸ்’ என்ற தீவனக் கம்பெனி வைத்திருக்கும் பன்றிப் பண்ணையில் வேலை. போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை, பண்ணையின் தரைத் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனான். குடிபோதையில் தவறி விழுந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. சாட்சிக்கு, ஆறு நாள் முன்னால் பண்ணையிலேயே எடுத்ததாகச் சொல்லி இந்த ரத்த ரிப்போர்ட்டையும் இணைத்தது. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகளின் முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் அறிவைப் பற்றிப் பேசுகிற காகிதம் இது ஒன்றுதான்.

முந்தாநாள் அவன் அம்மா கெங்கம்மா வந்திருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டுகிறவள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எங்க வூட்ல புத்தரோட பஞ்சசீலம் சொல்ற பழக்கம் கீதும்மா. அஞ்சாவது இன்னா தெரியுமா? போதை வஸ்துவைத் தொடமாட்டேன்னு. எம்மவன் தெனிக்கும் காத்தால அத்தச் சொல்லிட்டுத்தான் சட்டையப் போடுவான். சாவுக்கு வந்த சனமே ‘குடிச்சிட்டு வுழுந்துட்டானாமே’ன்னு காதுக்குள்ள பேசிட்டுப் போவுது. புள்ளையத் திருப்பிக் குடுன்னா நான் கேக்கறேன்? அந்தப் பேரை மட்டும் எடுத்துக் குடும்மா.”

அன்றைக்குப் பிடித்த கோபம் பகலவனுக்கு இன்னும் இறங்கவில்லை.

*

மணலிச் சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து, பண்ணை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கெங்கம்மாவிடம் கடிதம் வாங்கி வந்திருந்தார்கள். மகனுடைய சாப்பாட்டுக் கேரியரையும் மாற்றுச் சட்டையையும் வாங்கிவரச் சொல்லி. செத்தவனின் கேரியரைத் தரமாட்டேன் என்று எந்தக் கம்பெனியும் சொல்லாது. கேட் திறந்தது.

மேனேஜர் தீபனுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். நாமக்கல்காரர். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதை கலையாத பேச்சு.

“நல்ல பையனுங்க. குட்டிங்களை அவ்வளவு பாசமாப் பார்த்துக்குவான். இந்தக் குடி மட்டும் இல்லைன்னா…” என்று உச்சுக்கொட்டினார்.

“நீங்க இங்க வந்து எத்தனை நாள் ஆகுது?” என்றாள் கார்குழலி.

“அந்தச் சம்பவத்தப்ப பத்து நாள்தானுங்க ஆகியிருந்துச்சு.”

“பத்தே நாள்ல கண்டுபுடிச்சிட்டீங்களா சார்!” என்றான் பகலவன். “எங்க மாமனாரு குடிப்பாருன்னு கண்டுபுடிக்க எனக்கு ஏழு வருசம் ஆச்சு. அதுவும் அவரே வந்து சொன்னாரு.”

தீபன் அரைகுறையாகச் சிரித்துவிட்டு, கேரியர் இருக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உள்ளே இரண்டு வரிசைக் கூண்டுகள். இடது பக்கம் பன்னிரண்டு குட்டிகள், வலது பக்கம் பன்னிரண்டு. இரண்டு மாதக் குட்டிகள், ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் எண் வில்லை. மனிதச் சத்தம் கேட்டதும் எல்லாம் முன்னால் வந்து மூக்கை நீட்டின. நீட்டிவிட்டு, எதிர்பார்த்த ஆள் இல்லை என்பதுபோல் திரும்பிப் போயின. பகலவனுக்கு அது என்னவோ செய்தது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை எண்கள், எதிரே மதிப்புகள்.

“இதின்னா சார், பரீட்சை ரிசல்ட்டா?”

“ஆமாங்க, ஒரு வகையில.” தீபனுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. “பன்னீர்க்கட்டி செய்யறப்ப பால் திரிஞ்சு ஒரு தண்ணி பிரியுதுங்களே, அதுக்கு வேன்னு பேர். கம்பெனிங்க அதைச் சாக்கடையில விடுது. நாங்க அதைக் குட்டிகளுக்குத் தீவனத்தோட குடுத்துப் பார்க்கிறோம். இந்தப் பக்கம் பன்னண்டுக்கும் வே உண்டு. அந்தப் பக்கம் பன்னண்டுக்கும் கிடையாது. மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துக் கல்லீரல் என்ஸைம் பார்ப்போம். வே குடிச்சதுக்கு ஏறியிருந்தா, வே ஆகலைன்னு அர்த்தம்.”

“ஏறிச்சா?”

“இல்லைங்க. இதுவரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்.”

கார்குழலி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பதினேழுக்கு எதிரே ‘நீக்கப்பட்டது’ன்னு இருக்கே?”

“அது… சீக்குக் குட்டிங்க. கணக்குல சேர்க்கலை.”

“ரத்தத்தை வெளியே அனுப்புவீங்களா?”

“இல்லைங்க. இங்கயே மெஷின் இருக்குது.”

“ஆளுங்களுக்கும் அதே மெஷின்தானா?”

தீபன் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை. ஆனாலும் “ஒரு நிமிஷங்க, ஹெட் ஆபீஸ்” என்று காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பகலவன் வலது வரிசையின் கோடிக்குப் போனான். தனியாக ஒரு சின்னக் கூண்டு. உள்ளே மெலிந்து போன ஒரு குட்டி, காதில் 17. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள் பூத்திருந்தது.

“யக்கா,” என்று மெதுவாகக் கூப்பிட்டான். “பதினேழாவது ரத்தம் யாருதுன்னு கேட்டியே. ஐயா இங்க படுத்துக் கீறாரு. இன்னும் வளர்ந்துகினு கீறாரு.”

கார்குழலி பலகையில் இருந்த தேதியைச் சுட்டினாள். எட்டாம் தேதி. அறிவின் ரிப்போர்ட்டிலும் எட்டாம் தேதிதான்.

அன்றைக்கு மெஷினில் ஓடியது இருபத்துநாலு ரத்தம். பலகையில் இருந்தது இருபத்துமூன்று. மீதி ஒன்று அறிவு என்று பெயர் போட்டுக்கொண்டு அரசாங்க ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பகலவனுக்கு ஒரு கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது. பன்றிக்குட்டிகள் முன்னால் பேசவேண்டாம் என்று விழுங்கிக்கொண்டான்.

*

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கேட் பக்கம் கூரைக்குக் கீழே வாட்ச்மேன் துரை உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, காக்கிச் சட்டை, ஒருவாரத் தாடி. அறிவு விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான் என்று ஃபைலில் இருந்தது.

“நைனா, கொஞ்சம் தண்ணி குடு. நாக்கு வறண்டு பூட்சி,” என்றான் பகலவன்.

துரைக்குத் தூக்கிப்போட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

“இங்க அந்த வார்த்தையச் சொல்லாதப்பா. வாட்டர்னு கேளு.”

“ஏன், மணலியில தண்ணிக்கு இங்கிலீஷ்தான் புரியுமா?”

“அது இல்லப்பா.” துரை கொட்டகைக்குப் பின்னால் நின்ற டேங்கரைக் காட்டினார். அடியில் குழாயிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது, புளித்த வாடை. “அதான் இங்க தண்ணி. பன்னீர் தண்ணின்னு முழுசா சொல்ல சோம்பேறித்தனம். தண்ணி வண்டி, தண்ணி பைப்பு, தண்ணித் தொட்டி. ஒருத்தரு ‘தண்ணி ஏத்து’ன்னா அத்தத்தான் ஏத்துவோம். குடிக்கிறதுக்கு வாட்டரு.”

“சரிதான். ஊர்ல தண்ணி போட்டுட்டு பன்னி மாதிரி உருள்றான். இங்க பன்னியே தண்ணி போடுது.”

துரை சிரிக்கவில்லை. தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கார்குழலி சட்டென்று திரும்பினாள்.

“அப்படி யார் யார் சொல்வீங்க?”

“எல்லாருந்தாம்மா.”

“மேனேஜருமா?”

“அவரு புச்சு. அவரு வேன்னுதான் சொல்லுவாரு.”

கார்குழலி துரைக்கு நேராக வந்து நின்றாள். போலீஸ்காரி குரல் இல்லை. தாழ்ந்த குரல்தான்.

“அன்னிக்கு அறிவைப் பார்த்ததும் யாருக்குப் போன் பண்ணீங்க?”

துரை சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“உங்க போன் பேசறதைத் தானா ரெகார்டு பண்ணுமா?”

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எதையும் தேடாமல், ஒரே தட்டில் திறந்து நீட்டினார். தினமும் திறந்து பழகின கை அது.

கார்குழலி வேப்ப மரத்தடிக்குப் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆறு வருஷமாக அவளோடு சுற்றுகிறான் பகலவன். பிணம் பார்த்திருக்கிறாள், பொய் பார்த்திருக்கிறாள், ஒருதரமும் இப்படி முகம் செத்து அவன் பார்த்ததில்லை.

“இன்னாக்கா?”

“வா,” என்றாள். “துரை அண்ணே, நீங்களும் வாங்க.”

*

தீபனின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மணி ரெண்டு. அலமாரிக்குப் பக்கத்தில் அந்த ரத்தம் பார்க்கும் மெஷின், மேலே பிளாஸ்டிக் உறை. கார்குழலி துரையை வெளியிலேயே நிற்கவைத்துவிட்டு உள்ளே போனாள். ரிப்போர்ட்டை மேஜையில் விரித்தாள்.

“இது யாரோட ரத்தம்?”

“அதுலயே பேர் இருக்குதுங்களே.”

“பேரு கீது சார், ஆளுதான் தப்பு,” என்றான் பகலவன். “ஒண்ணாம் நம்பர் குட்டியிலேந்து இருவத்திநாலு வரைக்கும் வரிசையா மெஷின்ல வுட்டீங்கோ. போர்டுல பதினேழைக் காணோம், இங்க ரன் பதினேழு கீது. மனுசன் ரிப்போர்ட்டுல எலும்பு வளர்ற கணக்கு வந்துக் கீது. நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்கோ, இதுல பன்னி யாரு?”

“வாயை மூடு பகலா,” என்றாள் கார்குழலி. தீபனைப் பார்த்தாள். “அந்த மெஷினைத் திறந்து பதினேழைத் தட்டினா, மாத்தறதுக்கு முந்தி இருந்த பேர் வரும். நான் தட்டட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

ஏ.சி. அறையில் தீபனுக்கு வேர்த்தது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார், பிறகு முன்னால் குனிந்தார்.

“கல்லீரல் கெட்டுப்போன குட்டி அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு,” என்றார். “மத்தது எல்லாத்துக்கும் நார்மல்.”

இதைவிட அசிங்கமான ஒரு வாக்குமூலத்தைப் பகலவன் கேட்டதில்லை. ஒரு மனுஷனைக் குடிகாரனாக்க இருபத்துநாலு பன்றிகளில் தேடியிருக்கிறார்கள்.

“ஆனா அவன் குடிச்சிருந்தது நிஜம்ங்க!” தீபனின் குரல் உயர்ந்தது. “சத்தியமா நிஜம். என்கிட்ட காகிதமா ஆதாரம் இல்லை, அதுக்காகத்தான் இந்தத் தப்பைப் பண்ணினேன். வாட்ச்மேனே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. அவரைக் கேளுங்க.”

பகலவன் கார்குழலியைப் பார்த்தான். அப்படியானால்? ரிப்போர்ட் பொய், குடி நிஜமா? பஞ்சசீலம் சொல்லிச் சட்டை போட்டவன் அன்றைக்கு ஒருநாள் மட்டும் தவறிவிட்டானா? கெங்கம்மாவின் முகத்தில் போய் எப்படி விழிப்பது என்று அவனுக்குப் புரியவில்லை.

கார்குழலி கதவைத் திறந்து துரையைக் கூப்பிட்டாள். அவர் போனை மேஜைமேல் வைத்துத் தட்டினாள்.

மூச்சிரைக்கும் குரல். துரையின் குரல்.

“சார், அறிவு தண்ணில கீறான் சார்! ஜல்தி வா சார்!”

பின்னால் தட்டுச் சத்தம், ஹோட்டல் இரைச்சல். தீபனின் குரல்: “காலங்காத்தாலயேவா? தெளியட்டும் விடுங்க. நான் சாப்பிட்டு வந்து பேசிக்கறேன்.”

கட்.

ஒன்பது விநாடி. அந்த ஒன்பது விநாடிக்குள், துரையின் குரலுக்குப் பின்னால், எங்கோ தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இன்னொரு குரலும் இருந்தது. “அண்ணே” என்றது.

பகலவன் துரை சொன்னதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். தண்ணியில கீறான். ஊருக்கெல்லாம் அதற்கு ஒரே அர்த்தம்தான், போதையில் இருக்கிறான். இந்தக் கேட்டுக்கு உள்ளே மட்டும் அதற்கு அர்த்தம் வேறு. தொட்டியில் விழுந்து கிடக்கிறான்.

“பைப்பு அடைச்சிகிச்சுன்னு எப்பவும் போல எறங்கினான்மா,” என்றார் துரை. கார்குழலியிடம்தான் சொன்னார், தீபன் பக்கம் பார்க்கவில்லை. “நாலு நாள் புளிச்ச தண்ணி. உள்ள வெசக் காத்து நின்னுடும், அது ஆளையே அடிச்சிரும். நான் எட்டிப் பாக்கறப்போ ஏணியப் புட்ச்சிகினு தொங்கறான். தல மேலதான் கீது. நானும் எறங்கியிருந்தா ரெண்டு பொணம். கயிறும் காத்து வுடற மெஷினும் இந்த ரூம்ல பூட்டிக் கெடந்துச்சு. சாவி சார்கிட்ட. அதான் சாருக்குப் போன் பண்ணேன். அப்பால மூணு தபா பண்ணேன், எடுக்கல. பக்கத்துக் கம்பெனிக்கு ஓடி நாலு பேரைக் கூப்ட்டுகினு கயிறோட வர்றதுக்கு இருவது நிமிசம். வந்தப்போ தலயக் காணோம்.”

“சார் எங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு?”

“அந்த முக்குல கீற ஓட்டல்தாம்மா. அஞ்சு நிமிசம்.”

துரை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

“சார் வந்ததும் சொன்னேம்மா. நான் சொன்னது தண்ணித் தொட்டிய சார்னு காலப் புட்ச்சி சொன்னேன். ‘குடிச்சிருந்தான்னு போன்ல சொன்னது நீதானே’ன்னாரு. நான் அப்டிச் சொல்லல சார்னேன். ‘நீ சொன்ன வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்’னாரு. எனக்கு அதுக்கு மேல பேசத் தெரில. தெனிக்கும் இத்தக் கேக்கறேன். தொட்டின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். வாய்ல தண்ணின்னுதான் வந்துச்சு.”

“எனக்கு இந்த ஊர்ப் பேச்சு புரியலைங்க,” என்றார் தீபன். கண்ணில் நீர் நின்றது. நடிப்பில்லை, அது நிஜம்தான். “காதுல தப்பா விழுந்துடுச்சுங்க.”

“காதுல விழுந்தது தப்பு. அதை யாரும் மன்னிச்சிருப்பாங்க,” என்றாள் கார்குழலி. “அதுக்கப்புறம் மெஷின் முன்னாடி உட்கார்ந்து பன்னிக்குட்டியோட பேரை அழிச்சிட்டு அறிவுன்னு அடிச்சீங்களே, அது காது இல்ல. கை. அவன் குடிகாரனா இருந்தே ஆகணும் உங்களுக்கு. இல்லைன்னா நீங்க கட் பண்ணினது போனை இல்ல, ஓர் உயிரை.”

பகலவன் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் தீபன் முன்னால் தள்ளினான்.

*

விசாரணை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். மெஷினில் இருந்த பழைய பதிவின் படம், பலகையின் படம், ஒன்பது விநாடி ஒலிப்பதிவு, தீபன் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், துரை கைநாட்டு வைத்த ஒரு பக்கம். ஒலிப்பதிவை அதிகாரி இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, ‘குடிபோதையில்’ என்ற சொல்லின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். புதிய வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, தாயாரை வரச் சொல்லுங்கள் என்றார்.

கெங்கம்மா வராந்தா பெஞ்சில் இருந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையெல்லாம் வெள்ளை நூல் பிசிறு.

“பேரை எடுத்துட்டாங்கம்மா,” என்றாள் கார்குழலி. “உங்க பையன் குடிக்கலைன்னு எழுதியாச்சு.”

கெங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்மா. ஊருக்குத்தான் தெரியல.” பகலவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ நல்லா இருப்ப நைனா.” பிறகு, கண்ணைத் துடைத்துவிட்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டாள். “அப்போ எப்டித்தான் செத்தான்?”

பொய் சொல்லிவிடலாம் என்று பகலவன் கார்குழலியைக் கண்ணாலேயே கெஞ்சினான். விழுந்தவுடனே போய்விட்டான் என்று ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வாக்குமூலத்தை அதிகாரி இவளுக்கு வாசித்துக் காட்டுவார், காட்டித்தான் கையெழுத்து வாங்குவார். கார்குழலி எல்லாவற்றையும் சொன்னாள். வார்த்தையைச் சுருக்காமல், தண்ணி என்ற சொல்லை மட்டும் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, முழுசாகச் சொன்னாள்.

முடிந்த பிறகு கெங்கம்மா கேட்டாள்.

“போன் பண்ணப்போ உசிரோட இருந்தானா?”

“இருந்தாரும்மா.”

“பேசினானா?”

இதைப் பகலவன்தான் சொன்னான்.

“அண்ணேன்னு கூப்ட்டாரும்மா.”

“எத்தினி நேரம்?”

“கயிறு வர இருவது நிமிசம் ஆச்சும்மா.”

உள்ளேயிருந்து பியூன் வந்து, கெங்கம்மா யார் என்று கேட்டான். அவள் எழுந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள். அதிகாரி வாசித்தார். மது அருந்தியிருக்கவில்லை என்ற வரி வந்தபோது அவள் தலையை நிமிர்த்தினாள்.

“குடிச்சிருந்தான்னா ஒண்ணும் தெரியாமப் பூட்டிருப்பான், இல்ல சார்?” என்றாள். “அவங்கோ சொன்னதே நெசமா இருந்திருக்கலாம்.”

அதிகாரி போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவள் குனிந்து, எழுத்துக் கூட்டி, கெங்கம்மா என்று கையெழுத்துப் போட்டாள்.